பிரேமில் படாத ரேக்

“பிரேம்ல எதுவும் படக் கூடாதுங்க மொதலாளி. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

செல்லசாமி இதைச் சொல்வது மூன்றாவது தடவை. கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டுகிற மனிதர். மச்சானின் மாருதிக் காரை இரவல் வாங்கிக்கொண்டு அட்டனுக்கு வந்திருந்தார். மகன் திலக்ஷன் தங்கிப் படித்த அறையிலிருந்து உருட்டி வந்த அவனுடைய மவுண்டன் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கார்ச் சாமான் கடை மரியநாயகம் காரில் சைக்கிள் ஏற்றிக் கட்டுகிற ரேக்கை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறார். கார் கீறுபட்டுவிடுமே என்று பதறுகிறவர்கள்தான் உண்டு. சைக்கிளுக்காக இப்படி உயிரை விடுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

“இந்தா, இது டிக்கியில பெல்ட் போட்டு மாட்டுறது. ரெண்டு கை நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, சைக்கிளோட மேல் பார அதுல தொங்க விட்டா முடிஞ்சுது.”

“மேல் பார்லதாங்க முக்கியமா படக் கூடாது.”

மரியநாயகம் அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். “அப்ப இது. கூரையில பூட்டுறது. இந்தக் கிளிப்பு பிரேமப் புடிச்சுக்கிரும். உள்ளுக்கு ரப்பர் இருக்கு, கீறவே கீறாது.”

“கீறுறதப் பத்தி இல்லீங்க. படவே கூடாது.”

“சரி, முன் சக்கரத்தக் கழட்டிட்டு நிறுத்துற மாதிரி ஒண்ணு இருக்கு.”

“கழட்டக் கூடாதுங்க. இருக்கிறது இருக்கிறபடியே கொண்டாரணும்னு எங்க வீட்டம்மா சொல்லி அனுப்பியிருக்கு.”

“வீட்டம்மா உத்தரவா? அப்புறம் நாம வாயத் தொறக்கலாமா?” என்று மரியநாயகம் சிரித்தார். செல்லசாமி சிரிக்கவில்லை. சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்திருந்த கையையும் எடுக்கவில்லை.

அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க மரியநாயகத்துக்கு நெஞ்சு வலித்தது. அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான், சுகந்தன். வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் புறப்பட்ட அன்று, கடையைப் பூட்ட மனசில்லாமல், “நீயே பஸ்ஸ புடிச்சுப் போயிரு” என்று அனுப்பிவைத்தார். மூன்று வருஷமாகிறது. நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஒரு போன் கோல் வரும், அதுவும் அம்மாவுக்கு. அன்று கூடவே போயிருக்கலாம் என்று அவர் வருந்தாத நாள் இல்லை.

‘இந்தப் பையன் கொடுத்து வச்சவன்’ என்று நினைத்துக்கொண்டு பரணில் ஏறினார். மூலையில் கிடந்த ஒரு ரேக்கைத் தூசியோடு இறக்கினார். இரண்டு சக்கரங்களை மட்டும் பிடித்துக்கொள்கிற ரகம். பெருத்த டயருக்கு அதன் பெல்ட் எட்டவில்லை. விடுவாரா? வேறொரு நீள பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினார். அரை மணி நேரத்தில் காரின் கூரையில் ரேக் ஏறிவிட்டது.

“பிரேம்ல ஒரு நூலும் படாது, போதுமா? ஆனா டயர் ரெண்டும் இப்பிடித் தொளதொளன்னு இருந்தா ரேக்கு புடிக்காது. தம்பி சைக்கிள் ஓட்டுறதே இல்லீங்களா?”

“கொஞ்ச நாளா ஓட்டலீங்க.”

“நான் காத்தடிச்சு வைக்கிறேன். பெறகு ரெண்டு பேருமா தூக்கி வச்சுருவோம்.”

செல்லசாமியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. “வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிட்டு வாறேங்க. அங்க வீட்டம்மா சாப்பிடாமக் கெடக்கும்” என்று கடைப் படி இறங்கிப் போனார்.

மரியநாயகம் இரண்டு டயருக்கும் காற்றடித்தார். மறுநாள் ஆயுத பூசை. பக்கத்துக் கடை முத்துலிங்கம் காலையிலேயே ஆட்டோவைக் கழுவி, பழைய சந்தனத்தையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் பார்க்கிற காரியம்தான்.

சைக்கிளின் மேல் பாரிலும் எப்போதோ மூன்று விரலால் இழுத்துப் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. மரியநாயகம் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்தான், ஆனாலும் பூசைக்கு முதல் நாள் வண்டி பழைய சந்தனத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது தெரியாதவரா? தன் மகனுக்குச் செய்யாததை யாரோ ஒருவரின் மகனுக்காவது செய்வோம் என்று தோன்றியது. புதுத் துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, கீறல் விழாமல், குழந்தைக்கு முகம் துடைப்பதைப் போலத் துடைத்தார். பார் பளிச்சென்று ஆனது.

செல்லசாமி படியேறி வந்தார். வந்தவர் சைக்கிளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“பாருங்கண்ணே, புதுசு மாதிரி இருக்குல்ல? பழைய சந்தனத்தத் தொடச்சு எடுத்துட்டேன். நாளைக்குப் பூசைக்குத் தம்பி கையால புதுசா வைக்கட்டும்.”

செல்லசாமி மேல் பாரில் மூன்று விரல்களை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனார். திரும்பவும் தடவிக்கொண்டே வந்தார். பிறகு மரியநாயகத்தின் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார்.

மரியநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னண்ணே… தம்பி கோவிச்சுக்குவாரா?”

“அவன் செத்துப் போயி மூணு மாசமாச்சுங்க. அவங்கம்மாவுக்குன்னு அவன் கையால வச்ச அந்த மூணு வெரல் தடம்தான் மிச்சம் இருந்துச்சு.”