லயத்துக்கு ஒருத்தன்

“முடியாதுன்னா முடியாது!”

அய்யாவு கத்தினான். எதிரே அவன் பெண்டாட்டி கருப்பாயி, கையில் அகப்பையோடு நின்றாள்.

“இது பத்தாதுய்யா. கிராணி காதுல விழணும். இன்னொரு தடவ சொல்லு.”

சண்டையில்லை, பாடம். ஆறு வருடக் குடித்தனத்தில் அவன் வாயில் வராத ஒரே சொல்லை, காலைப் பெரட்டில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குள் வரவழைத்துவிடப் பார்த்தாள்.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து மலாயாவில் பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற அந்த ஐந்து வரிசைக் குடியிருப்புகளில், எவன் வீட்டில் எது என்றாலும் அய்யாவுதான். காய்ச்சல்காரனை முதுகில் சுமந்து குளுவாங் ஆஸ்பத்திரிக்கு நடப்பான். மரவள்ளிக் கொல்லைக்குப் பன்றிக் காவல் போவான். அமலோற்பவத்தின் புருஷன் செத்தபோது சிலுவை நட்டதும் அவனே, குழி வெட்டியதும் அவனே. போன மாதம் மட்டும் பதினோரு குழி.

இப்போதெல்லாம் சோற்றுக்கு உட்கார்ந்தால் மண்வெட்டி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்கிறது. கண்ணை மூடினால், “அய்யாவண்ணே, கால்மாட்டுல இடம் பத்தல” என்று யாரோ குறைப்படுகிறார்கள்.

“ஊர்ப் பிணமெல்லாம் தூக்கி நீயே பிணமாட்டம் இருக்க. என் வயித்துல இருக்கிறத யாரு தூக்குவா? சயாமுக்கு ஆள் கேட்டு, நீ மட்டும் தலையாட்டிப் பாரு!” என்றாள் கருப்பாயி.

போன வருடம் ஜப்பான்காரன் இரண்டு லாரி ஆட்களை சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனான். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புகிறேன் என்றான். ஒருத்தனும் வரவில்லை. அந்த வாயை நம்பினவர்களைச் சொல்ல வேண்டும்.

பெரட்டுக் களத்தில் பனி விலகவில்லை. போனவர்கள் நின்ற இடத்தை இன்னும் யாரும் மிதிப்பதில்லை. வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அந்தச் சந்துகளிலிருந்து யாரோ செருமுவது அய்யாவுக்கு மட்டும் கேட்கும். இன்றும் கேட்டது.

ஆபீஸ் ஓரம் மூன்று லாரிகள் படுதா போட்டு நின்றன. ஜப்பான் அதிகாரி ஏதோ உறும, கிராணி கூவினான்.

“லயத்துக்கு ஒருத்தன்! மொத்தம் அஞ்சு பேரு முன்னால வா. எதுக்குன்னு கேக்காத, எனக்கே சொல்லல.”

சொல்லவா வேண்டும்? நாலு லயத்திலிருந்து நாலு பேர், பெண்டு பிள்ளைகள் அழ அழ வந்து நின்றார்கள். ஐந்தாவது லயம் முழுக்க அய்யாவின் முதுகைப் பார்த்தது.

“என்ன அய்யாவு, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?” கிராணி சிரித்தான்.

அவன் கால் பழக்கத்தில் ஒரு அடி வைத்துவிட்டது. அதைப் பின்னால் இழுத்தான்.

“முடியாதுங்க.”

சந்துகளில் செருமியவர்கள் அடங்கிப்போனார்கள்.

அடுத்த வீட்டு வேலு முன்னால் வந்தான். அவன் பெண்டாட்டி வெள்ளையம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். கிழிந்த சட்டையோடு வந்து நின்றான்.

“எம்புள்ளைக்குக் குழி வெட்டுனது நீங்கண்ணே. எத்தன தடவதான் நீங்களே போவீங்க? இன்னிக்கி நான் போறேன்.”

வெள்ளையம்மா மண்ணில் விழுந்து அலறினாள். அய்யாவால் நிமிர முடியவில்லை. குழாயடியில் நின்ற கருப்பாயி, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதிகாரி ஐந்து தலைகளையும் விரலால் எண்ணினான். கிராணியிடம் குனிந்து ஏதோ சொன்னான். கிராணியின் சிரிப்பு செத்தது.

“இந்த அஞ்சு பேரும் தோட்டத்துக் காவலுக்கு இருங்க... மத்த ஆம்பளைங்க எல்லாம் லாரியில ஏறுங்க!”