எல்லாருக்கும் பொருந்தும் கோட்டு

ஆமிக்காரர் இருவர் ஸ்டூடியோப் படியேறியபோது தவராசா செய்த முதல் காரியம், சிரித்தது.

சரியாகச் சொன்னால் அது இரண்டாவது காரியம். சப்பாத்துச் சத்தம் கேட்டவுடனேயே, தங்கச்சியின் மகள் ரஜிதாவைப் படம் கழுவும் இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்.

றோட்டுக்குத் தெரிந்தது சிரிப்பு மட்டும்தான்.

"பாத்தியளே தவராசாவின்ர பல்லை!" என்றார் எதிர்த் தேத்தண்ணிக் கடை வீரபாகு. "எங்களுக்கு ஒருநாளாவது இப்பிடிக் காட்டியிருக்கிறாரே?"

ரஜிதா மாங்குளத்திலிருந்து ஆமி கொடுத்த ஒரு மாதத் தங்கல் பாஸில் வவுனியாவுக்கு வந்தவள். ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்ததில் பாஸ் முந்தாநாள் முடிந்துவிட்டது. புதுப் பாஸுக்குப் படம் எடுக்கத்தான் மாமனிடம் வந்திருந்தாள். முடிந்த பாஸோடு பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோவார்கள் என்பது தொண்ணூற்றெட்டில் வவுனியாவில் எல்லாருக்கும் தெரியும். எப்போது விடுவார்கள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

கதிரையில் காத்திருந்த புதுமணச் சோடி, "பிறகு வாறம் அண்ணை" என்று, ஆமிக்கு முதுகைக் காட்டாமலே வெளியேறியது.

வந்தவர்களில் இளையவன் துவக்கை மற்றவனிடம் கொடுத்தான். மற்றவன் றோட்டைப் பார்த்தபடி படியில் குந்தினான். இளையவன் உள்ளே வந்து வாசல் கதவைச் சாத்தினான்.

"கதவு... எதுக்கு சேர்?"

"வேற ஆள் பாக்கக் கூடாது, முதலாளி."

சிங்கள வாடைத் தமிழில் சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். ஒன்று. இரண்டு.

தவராசாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. அதை இறக்கி வைக்க அவருக்கு நினைவு வரவில்லை. பின்னால் இருபது வயதுப் பிள்ளை; முன்னால் ஆமிக்காரன். நடுவில் அவரும் கமராவின் மூன்று கால்களும்.

"சேர்... கமரா நல்ல கமரா. வேணுமெண்டா நீங்களே கொண்டுபோங்கோ."

"கமரா கொண்டு போனா, படம் எப்பிடி எடுக்கிறது?" அவன் ஆணியைக் காட்டினான். "எனக்கு அது வேணும்."

ஆணியில் ஸ்டூடியோவின் கறுத்தக் கோட்டும் கழுத்துக்குக் கட்டும் சிவப்பு ரையும் தொங்கின. கோட்டின் முதுகு மேலிருந்து கீழாக வெட்டப்பட்டது. மெலிந்தவருக்கு நாலு கிளிப், தடித்தவருக்கு ஒன்றுமில்லை. வவுனியாவில் பாதி மாப்பிள்ளைமார் உத்தியோகத்தர் ஆனது அந்தக் கோட்டுக்குள்தான்.

இவனுக்கு ஐந்து கிளிப் தேவைப்பட்டது. இரண்டு, தவராசாவின் கையிலிருந்து நழுவி விழுந்தன.

"நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. ஆ, அப்பிடியே. அசையாதேங்கோ."

வெளிச்சம் மின்னிய அதே நேரம், இருட்டறைக்குள்ளிருந்து ஓர் இருமல்.

அவன் அசையவில்லை. கண் மட்டும் கதவுக்குப் போனது.

"யார்?"

"எலி, சேர்."

"எலி இருமுமா?"

"அந்த அறையில படம் கழுவுற மருந்துத் தண்ணி இருக்குது... அந்த மணத்துக்கு..."

இரண்டாவது இருமல், தலையணைக்குள் அமுக்கியதுபோல் வந்தது.

அவன் எழும்பினான். முதுகில் ஐந்து கிளிப்போடு இருட்டறைக் கதவுக்குப் போய்க் கைபிடியில் கை வைத்தான்.

"திறக்காதேங்கோ சேர்! வெளிச்சம் பட்டா உள்ளுக்கிருக்கிற பிலிம் எல்லாம் பழுதாப் போயிடும்!" தவராசாவின் குரல் அவருக்கே யாருடையதோபோல் கேட்டது.

அவன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே மூச்சுக்கூட இல்லை.

"எலிக்குப் பாஸ் இருக்கா?"

தவராசாவுக்கு இனிப் பொய் மிச்சமில்லை.

"முந்தாநாள் முடிஞ்சுது, சேர். காய்ச்சல். என்ர தங்கச்சியின்ர பிள்ளை. சத்தியமா நாளைக்கு..."

கைபிடியிலிருந்து கை இறங்கியது.

"நாளைக்கு வேணாம். இண்டைக்கே போங்க." அவன் திரும்பி முதுகைக் காட்டினான். "கிளிப் கழட்டுங்க."

தவராசா கழற்றினார். அவன் கோட்டை ஆணியில் மாட்டினான். சீருடைச் சட்டையைப் போட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினான். பூட்டப் பூட்ட, சற்றுமுன் படியேறி வந்த ஆமிக்காரன் மறுபடி அங்கே நின்றான். தவராசாவின் சிரிப்பும் தன்பாட்டில் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது.

"படம் வெள்ளிக்கிழமை நான் வந்து வாங்குவன். வாசல் கண்ணாடிப் பெட்டியில மட்டும் வைக்க வேணாம். என்ர ஆக்கள் கண்டா சிரிப்பாங்க."

"வைக்கமாட்டன் சேர். ஆருக்கும் அனுப்பவோ?"

"அம்மாவுக்கு. நான் கொழும்பில, ஹோட்டல்ல வேலை எண்டு சொல்லியிருக்கு."

"ஏன் சேர்? ஆமியில மகன் இருந்தா அம்மாவுக்குப் பெருமைதானே?"

அவன் வாசல் கதவைத் திறந்து, தோழனிடமிருந்து துவக்கை வாங்கித் தோளில் மாட்டினான். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் கதை சட்டென்று நின்றது. வீரபாகு எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டே, தவராசாவுக்கு மட்டும் கேட்கும்படி அவன் சொன்னான்:

"இந்த உடுப்பக் கண்டா அம்மாவும் இப்பிடித்தான் சிரிப்பா, முதலாளி. எண்பத்தொன்பதில, தெற்கில சிங்களப் பெடியங்களப் பிடிச்ச காலம், எங்கட அண்ணாவ வீட்டிலயிருந்து கூட்டிக்கொண்டு போனது, இந்த உடுப்புப் போட்ட ஆக்கள்தான்."