வெள்ளிக்கிழமைப் புகை

"எரிக்கிறதை எரிச்சுத் தொலைங்களேன். நான் துணி காயப்போட வேண்டாமா?"

பக்கத்து வீட்டுக் கோர்கோய் பெரிய அலுமினியப் பேசினைக் கேபிள் தொழிற்சாலை வாசலில் டங்கென்று வைத்தாள். பதினோரு பேருக்கான வெள்ளைத் துணிகள், பிழிந்த ஈரத்தோடு.

அவள் தங்கையின் குழந்தை பிறந்து நாளை எட்டாம் நாள். விடியலில் அதை முதன்முதலாக வெளியே எடுத்துவந்து பெயர் வைப்பார்கள். வீட்டில் ஒருவர் விடாமல் வெள்ளை உடுத்தியாக வேண்டும்.

தெமா நகரத்தில் வெயிலுக்கா பஞ்சம்? வில்லங்கமெல்லாம் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் தொழிற்சாலையின் இரும்புப் புகைக்குழாய்தான். வெள்ளிக்கிழமைதோறும் மதியத்துக்கு மேல் உள்ளே கேபிளை எரித்துச் சோதிப்பார்கள். கறுப்புப் புகை வரும். கண் எரியும். கோர்கோயின் கொடிக்கயிற்றில் கரி இறங்கும்.

கேபிளின் மேலுறைக்குக் கலவை செய்பவள் எசினாம். கலவை செய்தவர் சோதனைக்கூடத்துக்குள் நுழையக் கூடாது என்பது விதி. அதனால் வாசலில் கோர்கோயிடம் மாட்டிக்கொண்டாள்.

இது அவளுடைய மூன்றாவது கலவை. முதலாவது, சோதனைக்கூடத்து இரும்பு ஏணியில் நிமிர்த்திக் கட்டி அடியில் தீ வைத்ததும் உச்சிவரை பற்றிக்கொண்டது. இரண்டாவது, வளைத்தபோதே வெடித்துவிட்டது. இதுவும் தோற்றால் கலவைக்கூடத்தை மூடிவிட்டு, மேலுறையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. இந்தக் கலவை வேற மாதிரி."

"முதல் தடவையும் இதையேதான் சொன்னே. என் புருஷன் சட்டை முழுக்கக் கரும்புள்ளி. தெருவே அவரைச் சிறுத்தைன்னு கூப்பிட்டுச்சு!"

எசினாம் சிரித்தாள். கேட்க ஆள் கிடைத்தால் அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

பழைய உறையில் குளோரின் உண்டு. எரிந்தால் அது வாயுவாகி, கண்ணிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். கட்டடம் தீப்பிடித்தால் பலரும் தீ நெருங்குவதற்கு முன்பே, கதவு எங்கே என்று தெரியாமல் புகையில் விழுவது இதனால்தான். புதிய உறையில் குளோரினே கிடையாது. பாதிக்கு மேல் ஒரு வெள்ளைப் பொடி. அதன் ஒவ்வொரு துகளுக்குள்ளும் தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது. சூடேறினால் பூட்டு திறக்கும். நீராவி வெளியே வந்து தீயை அடக்கும்.

"உங்க கென்கே மாதிரிதான்க்கா. ஈரம் இருக்கிறவரை மேல சுத்தின சோளமடல் எரியுமா?"

"முப்பது வருஷமா மாவை மடல்ல கட்டி அவிச்சு விக்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா நீ?"

கோபம் பாதியில் சிரிப்பாகிவிட்டது. பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"யாரு மெழுகுவத்தியை ஊதி அணைச்சது?"

எசினாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

குழாயின் வாயில் காற்று மட்டும் கானலாக நெளிந்தது.

கோர்கோயின் பொறுமை அத்தோடு தீர்ந்தது. "வெயில் சாயுது, தெரியுதா? எப்பத்தான்டி பத்த வைப்பீங்க?"

சோதனைக்கூடத்தின் கதவு திறந்தது. சோதனை செய்யும் சோவா முகமூடியைக் கழற்றியபடி வெளியே வந்தார். தன் இடுப்பில் கையை வைத்து, "தீ இவ்வளவுதான் ஏறிச்சு" என்பதுபோல் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

எசினாம் கூவிக்கொண்டே கோர்கோயைக் கட்டிப்பிடித்தாள்.

"பத்த வெச்சு நாப்பது நிமிஷம் ஆச்சுக்கா! இப்பத்தான் அணைச்சாங்க! உங்களுக்கு அடிச்ச மெழுகு வாடை அதுதான்!"

கோர்கோய் நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள். அதற்கு மேலே நீல வானம். வேலியோரமாக ஒரு நடை நடந்து, அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தாள்.

"பொய் சொல்றே" என்றாள்.

ஆனாலும் பேசினிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறி, தொழிற்சாலையின் கம்பிவேலியிலேயே விரித்தாள். கைக்குட்டை அளவே இருந்தது அந்தச் சட்டை.