உள்ளூர்ப் பெண்கள் இருநூறு பேர்

ஊராட்சி அலுவலக வாசலில் நான்கு பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. ஊர்ப் பெண்கள் பைகளோடு உள்ளே ஏற, கூரைகளில் புதுப் பானைகளும் விறகுக்கட்டுகளும் ஏறின.

அலுவலகத்துக்குள் அமர்ந்திருந்த காலணி நிறுவன மேலாளர் மதுசூதனன் அவற்றைக் கவனிக்கவில்லை. ‘ஆலையோடு எட்டயபுரம் பக்கம் போய்விடுவோம்’ என்று அரசிடம் சொல்லிச் சொல்லியே பத்தாண்டு வரிவிலக்கும் பாதி விலை மின்சாரமும் வாங்கியவர் அவர். அரசு கேட்டது ஒன்றுதான்: திங்கட்கிழமைக்குள் உள்ளூர்ப் பெண்கள் இருநூறு பேர் வேலையில் சேர வேண்டும். தவறினால் சலுகை ரத்து.

“சம்பளம் பத்தாயிரம்மா,” என்றார்.

“நாத்து நடப் போறவளே நாளைக்கு ஐந்நூறு வாங்குதா சார். பதினஞ்சு போடுங்க,” என்றார் ஊராட்சித் தலைவி பேச்சித்தாய்.

“கட்டுப்படியாகாது. யூனிஃபார்ம் வேற ஃப்ரீயா தரோம்.”

“வரித் தள்ளுபடி உங்களுக்கு, யூனிஃபார்ம் எங்களுக்கா?”

வெளியே ஹாரன் ஒலித்தது. மதுசூதனன் அப்போதுதான் சன்னல் வழியே பார்த்தார்.

“எல்லாரும் எங்க கிளம்பறாங்க?”

“வருசா வருசம் போற இடந்தான் சார்.”

“திருப்பூருக்கு வேலைக்கா?”

பேச்சித்தாய் நிதானமாகத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பானையும் விறகுமாகப் போகிறவர்கள் திங்கட்கிழமைக்குள் திரும்புவார்களா? பங்குனி வெயில் அறைக்குள் எட்டவில்லை. ஆனாலும் மதுசூதனனுக்கு வியர்த்தது.

“பன்னெண்டு.”

மறுபடியும் ஹாரன்.

“பதிமூணரை. யோசிங்கம்மா.”

“யோசிச்சுத்தான் பதினஞ்சுன்னேன்.”

முதல் பேருந்து நகர்ந்தது. மதுசூதனன் எழுந்தேவிட்டார்.

“சரி, பதினஞ்சு. இப்பவே கையெழுத்துப் போடறேன். வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

பேச்சித்தாய் வாசலுக்கு வந்து கையைக் காட்டினார், பேருந்து நின்றது. மதுசூதனன் எழுதித் தந்த கடிதத்தை இருமுறை வாசித்தார்.

“திங்கக்கிழம காலையில இருநூறு பேரும் உங்க கேட்டுல நிப்பாங்க சார். என் பொறுப்பு.”

பெருமூச்சுடன் மதுசூதனன் காரில் ஏறினார். கார் வாய்க்கால் பாலத்தைக் கடந்து மறையும்வரை ஊரே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேருந்து ஓட்டுநர் பேச்சிராஜா தலையை நீட்டினான்.

“யத்தே, இனி எடுக்கலாமா?”

கடிதத்தை இடுப்பில் செருகியபடி பேச்சித்தாயும் படியேறினார்.

“எடுலே, சாத்தா கோயில்ல பொங்க வைக்க நேரமாவுதுல்லா.”