சாட்சிக்கு இரண்டு பேர்

"லொரெட்டா கையெழுத்துப் போடக் கூடாது" என்றார் கிளோவிஸ், யாருக்கு என்ன என்று எழுதி மடித்த தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு. "என் இரும்புச் சட்டி அவளுக்குத்தான்."

தேவாலயத்தின் கீழ்த்தளமே சிரித்தது. வருமான வரிப் படிவத்தோடு காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கெசையா பேனாவை மறுபடி மூடினாள்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமைதோறும் இந்தக் கென்டக்கி மலைக்கு ஏறி வந்து இலவசமாக எழுதிக் கொடுப்பார்கள். இன்று பனி. அவளும் வழக்கறிஞர் மார்த்தாவும் மட்டுமே வந்து சேர்ந்திருந்தார்கள்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஊர்க்காரர்களாக இருந்தால் பின்னால் தேடிப் பிடிக்க எளிது. ஆனால் ஒரு கரண்டி கிடைக்கிறவர்கூடச் சாட்சியாக நிற்கக் கூடாது என்பது மார்த்தாவின் கண்டிப்பு.

திங்கட்கிழமை கிளோவிஸுக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்குள் வீட்டை ரோடாவுக்கு எழுதியாக வேண்டும். மூன்று வயதில் வந்தவள், முப்பது வருடமாக மகள். தத்தெடுத்த பத்திரம் மட்டும் இல்லை. உயில் இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணுக்கு அவள் யாரோ.

"வேர்னன் போடட்டுமா, ஐயா?"

"அவனுக்கு ரம்பம்."

"பாஸ்டர்?"

"ஏணி. மணிக்கூண்டுல ஏற வேணாமா அவரு?"

"யோவ், எனக்கு என்னய்யா?" என்றார் சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஹோபர்ட்.

"நாற்காலி. அதுல உக்காந்தாவது வாய மூடு."

"உங்ககிட்ட ஒண்ணும் வாங்காதவங்க இந்த ஊர்ல யாருமே இல்லையா?" என்றாள் கெசையா.

"ரெண்டு பேர் இருந்தாங்க. காலைல பல்லு விளக்கும்போது ஞாபகம் வந்துச்சு. எழுதிட்டேன்."

மார்த்தா ஜன்னலைப் பார்த்தார். பாதை மூடுவதற்குள் மலையிறங்க வேண்டும். ரோடா அப்பாவின் கோட்டில் விட்டுப்போயிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"சரி, நாங்க ரெண்டு பேருமே போடறோம், ஐயா" என்றாள் கெசையா.

கிளோவிஸின் காதுகள் சிவந்தன.

"மார்த்தாம்மா போடலாம். நீ முடியாதும்மா."

தாளின் கடைசி வரியைக் காட்டினார். 'மஞ்சள் குல்லாய்ப் பெண்: மரக்குருவி.'

கெசையா தன் குல்லாயைத் தொட்டுக்கொண்டாள். போன வாரம் ரோடாவின் சின்ன வயதுக் கதையை அவர் சொல்லச் சொல்ல, அவர் செதுக்கிய அந்தக் குருவியை அவள் கீழே வைக்கவேயில்லை.

கிளோவிஸ் அந்த வரியை அடித்தார். கோட்டுப் பையிலிருந்து குருவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்பவே வாங்கிக்கோ. இனி நான் செத்தா உனக்கு ஒண்ணும் கிடையாது. போடு கையெழுத்த."

கெசையா மார்த்தாவைப் பார்த்தாள். மார்த்தா சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

கிளோவிஸ், மார்த்தா, கெசையா. மூன்று கையெழுத்துகளும் உயிலில் விழுந்தன. பின்னால் யாரோ ஆமென் என்றார்கள்.

கெசையா பேனாவை மூடப் போனாள். கிளோவிஸ் அதை வாங்கிக்கொண்டார். தன் தாளின் முதல் வரிக்குப் போனார்.

அதையும் அடித்தார்.

"லொரெட்டா! போற வழியில வீட்டுக்கு வந்து சட்டிய எடுத்துக்கோ. இதுக்குப் போயி ஒருத்தன் சாகணுமா என்ன?"