கும்பகர்ணனின் கோணல் வாய்

இரண்டாம் வகுப்பே திரண்டு வந்து தட்டையும் டம்ளரையும் அடித்துப் பார்த்தாயிற்று. கும்பகர்ணன் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

எழுப்புகிறவருக்குப் பரிசு என்று தலைமையாசிரியை மைக்கில் சொல்லிவிட்டார். அப்புறம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருவன் தொந்தியில் ஏறிக் குதித்தான். இன்னொருத்தி மூக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

பீளமேட்டில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளிக்கு லோகப்பிரியா செய்து கொடுத்த சிலைகள் அவை. அனுமாரின் வாலில் சறுக்கி விளையாடலாம். பிள்ளையார் சைக்கிள் மிதிக்க, மூஞ்சூறு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஆனாலும் திறப்பு விழாவன்று கூட்டமெல்லாம் கும்பகர்ணனிடம்தான். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்த அந்த வாயைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

செய்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அது அவளுடைய அப்பாவின் முகம்.

முன்வரிசையில் அம்மா ராசாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு பட்டறைக்கு வந்து, களிமண்ணில் அந்த முகத்தை முதலில் பார்த்தவள் அவள்தான். லோகப்பிரியா அதைப் பிசைந்து கலைக்கப் போனபோது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியாப் பாத்த மொகம். கலைச்சுப்போடாத கண்ணு."

அவர் போன பிறகு மகள் நினைவிலிருந்து செய்தது என்று நினைத்துக்கொண்டாள். லோகப்பிரியாவும் இல்லை என்று சொல்லவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று அம்மா சென்னிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது எல்லாம் கைமீறிவிட்டிருந்தது. வாய் கோணிய உடனே யாராவது பார்த்துத் தூக்கி வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தையை அன்றிலிருந்து அம்மா தன் தலையில் சுமக்கிறாள். கல்யாணச் சோறு தின்னப் போனேனே பாவி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். வாயில் வைத்த கவளம் உள்ளே இறங்குவதில்லை.

ஷ்ரவ்யா என்ற வாண்டு ஓடிவந்து லோகப்பிரியாவின் துப்பட்டாவை இழுத்தாள்.

"அக்கா, நீங்க எழுப்பிப் பாத்தீங்களா?"

லோகப்பிரியா அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா சென்னிமலைக்குப் போயிருந்த அன்று மத்தியானம் லோகப்பிரியா சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டிலில் அப்பா, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்க, புதுவிதமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கும்பகர்ணனுக்கு முகம் அமையாமல் திண்டாடிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செல்போனை எடுத்துக் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள். சாயங்காலம் போன் வந்தபோது கையெல்லாம் களிமண்.

தன் பழியை இன்னும் எத்தனை நாள் அம்மாவைச் சுமக்கவிடுவது? இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். லோகப்பிரியா அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"அம்மா, அன்னைக்கு..."

ராசாத்தாள் முந்தானையால் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீ என்ன பண்ணுவே அம்மணி. நீயுந்தான் அன்னைக்கு ஊட்டுல இல்லியே."

லோகப்பிரியா ஆமாம் என்று தலையாட்டினாள்.