கல்ஃப் மணம்

ஆறு வருடம் கழித்து கல்ஃபிலிருந்து வந்த சுந்தரன், பாறசாலையில், நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் கிடைத்த பத்து சென்ட் மண்ணில் நின்ற ஓலை வீட்டில் பெட்டியைத் திறந்தான். ரேடியோவை எதிர்பார்த்த அவன் மனைவி அம்மிணியின் முகம் வாடியது. சோப்புக் கட்டிகளுக்கு நடுவே ஒரு செங்கல்!

"மணத்திப் பாரு அம்மிணி!" அவன் துள்ளினான்.

அதற்குள் அடுத்த வீட்டுப் பங்கஜாட்சி அதைப் பிடுங்கி மூக்கில் வைத்தாள். "எனக்க அம்மோ! அசல் கல்ஃப் மணமாக்கும்!"

அம்மிணியும் மணத்தினாள். சோப்பு வாசனைதான்.

"நாத்தம் ஒண்ணும் இல்லேல்லா? சத்தியமாட்டு?" சுந்தரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"செங்கல்லுக்கு என்ன நாத்தம்?"

"கம்பெனி வேலைன்னு எழுதினேன்லா? ஆறு வருசமும் சாக்கடைக் கசடாக்கும் அள்ளினேன். அந்தக் கசடை மண்ணுல குழைச்சு, சூளையில வச்சு நானே சுட்ட கல்லு இது!"

பங்கஜாட்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

அம்மிணி அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு கல்லை இன்னொரு முறை, நிதானமாக மணத்தினாள். முற்றத்தில் இறங்கித் தென்மேற்கு மூலையில் அதை வைத்தாள்.

"புது வீட்டுக்குக் கன்னிமூலைக் கல்லு ஆச்சு. மிச்சக் கல்லு சுட நெய்யாற்றின்கரையில சாக்கடை உண்டுல்லா? நாளைக்கே போவோம். மம்பட்டி எடுத்துட்டு நானும் வாறேன்!"